பாண்டியோட தன்மை மஞ்சச் சுவர்லயா இருக்கு?

கேள்வி கேட்டவர் எழுதினது சுருக்கமா இதுதான்: பாண்டிச்சேரி போயிட்டு வந்தாராம், ஒயிட் டவுன் ரொம்ப அழகா வச்சிருக்காங்களாம், அவரோட ஊர்ல பழைய தெரு எல்லாம் ஒவ்வொன்னா இடிஞ்சு அடுக்குமாடியா மாறுது, தாத்தா வீடும் அந்த வரிசையில நிக்குது. ஒரு ஊரோட தன்மைன்னா என்ன, அதைக் காப்பாத்த பாண்டி மாதிரி செஞ்சா போதுமா?

நான் பழைய வீடு ரிப்பேர் வேலை பக்கம் இருக்கறவன், பாண்டியில நிறைய தெருவுல வேலை பார்த்திருக்கேன், அதனால கொஞ்சம் நீளமாவே வரும், பொறுத்துக்கங்க. முதல்ல ஒன்னு. நீங்க பார்த்தது பாதி பாண்டி. அந்தப் பாதியில கட்டடம் தப்பிச்சிடுச்சு, குடியிருந்தவங்க குறைஞ்சிட்டாங்க. வாய்க்காலுக்கு மேற்கால இருக்கற இன்னொரு பாதியில ஆளுங்க இருக்காங்க, வீடுதான் போயிட்டே இருக்கு. ரெண்டையும் சேர்த்துப் பார்க்காம பாண்டி மாடல்னு ஒன்னை எடுத்துட்டுப் போய் உங்க ஊர்ல வச்சா, ஒயிட் டவுன் மாதிரி வெளிச்சுவர்ல மஞ்ச பெயின்ட் அடிச்சு முடிச்சிடுவாங்க, அவ்ளோதான்.

கொஞ்சம் பழைய கதை. அந்த நேர்நேரான தெருக்களைப் பார்த்து எல்லாரும் பிரெஞ்சுக்காரன் பிளான்னு நினைக்கறாங்க, ஆனா அந்தக் கட்டம் போட்ட அமைப்பு டச்சுக்காரங்க காலத்துல வந்தது, 1693ல பிடிச்சாங்க, 1699ல திருப்பிக் குடுத்தாங்க, அந்த நடுவுல. அப்புறம் 1761ல இங்கிலீஷ்காரங்க ஊரைப் பிடிச்சு இடிச்சுத் தரைமட்டமாக்கினாங்க, சில வருஷம் கழிச்சு பிரெஞ்சுக்காரங்க திரும்பக் கட்டினாங்க. அதனால இப்ப நிக்கற பிரெஞ்சு வீடுகள்ல பெரும்பாலானது அந்த இடிப்புக்குப் பிறகு வந்ததுதான். வெள்ளை நகரம், கருப்பு நகரம்னு ரெண்டு, நடுவுல வடக்கு தெற்கா பெரிய வாய்க்கால். மேற்குப் பக்கம்தான் கருப்பு நகரம், இப்ப தமிழ்ப் பகுதின்னு சொல்றது, அங்க செட்டியாருக்கு ஒரு தெரு, வெள்ளாளருக்கு ஒரு தெரு, கோயிலைச் சுத்தி ஐயர் வீடுங்க, சம்பா கோயிலைச் சுத்தி கிறிஸ்தவங்க, தெற்கால காஜி தெரு முல்லா தெருன்னு முஸ்லிம்கள், ஒடுக்கப்பட்ட சாதிக்காரங்க ஊருக்கு வெளியே. இதை நான் வேணும்னே இங்கயே சொல்றேன். பழைய தெருவோட தன்மைன்னு நாம உருகறோமே, அந்தத் தெருவை வகுத்ததே சாதிதான். திண்ணைன்னா யாரு வேணா உக்காரலாம்னு எழுதறவங்க, யாரு உக்கார முடியாதுன்னும் சேர்த்து எழுதணும். காப்பாத்தறதுன்னா அன்னைக்கு இருந்த மாதிரியே உறைய வைக்கறதுன்னு நான் எடுத்துக்கல.

சரி, தன்மைக்கு வருவோம். வெள்ளை நகர வீட்டுக்கும் தமிழ் வீட்டுக்கும் நான் பார்க்கற பெரிய வித்தியாசம் தூண்லயோ ஜன்னல்லயோ இல்ல, வீடு தெருவைப் பார்த்து என்ன பண்ணுதுங்கறதுல இருக்கு. பிரெஞ்சு வீடு தெருவுக்கு முதுகைக் காட்டும். உயரமான மதில், பெரிய கேட்டு, தோட்டம் உள்ள, வாழ்க்கையும் உள்ள. தமிழ் வீடு அப்படியே தெருவுக்குள்ள இறங்கி வந்துடும். முதல்ல தாழ்வாரம், மரக்கால் நட்டு ஓடு வேய்ஞ்சு தெரு மேலயே நீட்டியிருக்கும், வழிப்போக்கன் வெயிலுக்கு ஒதுங்க. அதுக்கு உள்ள திண்ணை, வீட்டுக்காரர் ஆளைப் பார்த்துப் பேச. அதுக்கு அப்புறம்தான் கதவு, நடை, முற்றம். ரெண்டு மாடி வீடுன்னா கீழ தமிழ் வீடு, மேல பிரெஞ்சு வளைவு ஜன்னல்னு கலந்து கட்டியிருப்பாங்க, பாண்டியில மட்டும் இப்படி அடுத்தடுத்து நிறையப் பார்க்கலாம், எனக்கு ரொம்பப் பிடிச்சது அந்த வீடுங்கதான். பக்கத்து வீடும் அதே கோட்டுல தாழ்வாரம் போட்டிருப்பாங்க, அதுக்குப் பக்கத்து வீடும், அதனால தெரு முழுக்க ஒரே நிழல். ஒரு வீட்டை மட்டும் காப்பாத்தி நாலு பக்கமும் அடுக்குமாடி வந்துட்டா அந்த நிழல் போச்சு, மிஞ்சறது ஒரு மியூசியம் பீஸ்.

அதனால காப்பாத்த வேண்டியது வீடா தெருவான்னு கேட்டா தெருன்னுதான் சொல்லுவேன். பாண்டியில இதைப் புரிஞ்சு செஞ்ச ஒரு வேலை இருக்கு, டூரிஸ்ட் யாரும் அவ்வளவா போறதில்ல, வைசியாள் தெரு. 2002லேர்ந்து 2004 வரை ஐரோப்பிய ஒன்றியத்தோட ஆசியா அர்ப்ஸ் திட்டத்துல, இத்தாலியோட உர்பினோ ஊரும் பிரான்ஸோட வில்நவ் சுர் லோத் ஊரும் பாண்டியோட கூட்டு சேர்ந்து செஞ்சாங்க, களத்துல பாரம்பரியக் கட்டடங்களைப் பாதுகாக்கற இன்டாக் அமைப்போட ஆளுங்க. ஒரு வீட்டைப் பிரமாதமா பண்ணி போட்டோ எடுக்காம, வரிசையா பல வீடுகளோட முன்பக்கத்தைச் சரி பண்ணி, தாழ்வாரத்தைத் திரும்பப் போட்டு, தெருவையே ஒரு ஆளா நினைச்சு வேலை பார்த்தாங்க. 2008ல அதுக்கு யுனெஸ்கோவோட ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைச்சுது. விருது எனக்குப் பெருசில்ல. வீட்டுக்காரங்க அந்த வீட்டை விட்டுப் போகாம வேலை நடந்துச்சே, அதுதான் எனக்குப் பெருசு.

இப்ப வேற ஒரு விஷயம், இதை யாரும் அதிகமா பேசறதில்ல. வெள்ளை நகரம் ஏன் தப்பிச்சுது, தமிழ்ப் பகுதி ஏன் தப்பிக்கல? ரசனைன்னு நினைக்காதீங்க. சொத்து யார் பேர்ல இருந்துச்சுங்கறதுதான் காரணம். கடற்கரைப் பக்கம் பெரிய பெரிய கட்டடமெல்லாம் அரசாங்கம், பிரெஞ்சுத் துணைத் தூதரகம், 1826லேர்ந்து நடக்கற லிசேங்கற பிரெஞ்சு ஸ்கூல், 1955ல வந்த பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், சர்ச்சு, அரவிந்தர் ஆசிரமம்னு நிறுவனங்க கையில. ஆசிரமக் கட்டடங்களை அந்தச் சாம்பலும் வெள்ளையுமான பெயின்ட்டை வச்சே கண்டுபிடிச்சிடலாம். நிறுவனத்துக்குச் சாவு கிடையாது, வாரிசு கிடையாது, பாகம் பிரிக்க வேண்டியதில்ல. தமிழ்ப் பகுதியில வீடு குடும்பத்துச் சொத்து. தாத்தா போனார், அஞ்சு பிள்ளைங்க, அவங்களுக்கு மூணு மூணு, அதுல ஒருத்தர் பாரீஸ்ல, ஒருத்தர் பிரெஞ்சுக்காரங்க தீவான ரீயூனியன்ல, ஒருத்தர் சென்னையில, யாருமே அந்த வீட்ல படுத்துத் தூங்கறதில்ல, ஆனா கையெழுத்து எல்லாரும் போடணும். மழையில மாடி ஒழுகுதுன்னா யாரு காசு போடறது? யாரும் போட மாட்டாங்க. பத்து வருஷம் ஒழுகினப்புறம் பில்டர் வருவார், ஒரே செக்கா நீட்டுவார், அன்னைக்கு எல்லா கையெழுத்தும் ஒரே வாரத்துல வந்துடும். 1990கள்ல கணக்கெடுத்தப்போ ஊர்ல சுமார் 1,800 பழைய கட்டடம் லிஸ்ட்ல வந்துச்சு, அதுல பல நூறு இப்ப இல்ல, போனதுல நிறைய இந்த வழியாதான் போச்சு.

அரசாங்கம் வச்சிருந்தா மட்டும் பத்திரமான்னா அதுவும் இல்ல. கடற்கரைச் சாலையில இருக்கற பழைய நகர்மன்றம், ஊர்ல மேரி பில்டிங்னு சொல்லுவாங்க, 1870-71ல கட்டினது, பராமரிப்பு இல்லாம கிடந்து கிடந்து 2014 நவம்பர் 29 அன்னைக்கு மழையில அப்படியே உக்காந்துடுச்சு. அப்புறம் உலக வங்கிப் பணத்துல பழைய தோற்றத்துலயே திரும்பக் கட்டி 2021ல திறந்தாங்க. நல்லாத்தான் இருக்கு, நான் குறை சொல்லல, ஆனா வருஷா வருஷம் மாடியில அடைச்ச தண்ணிக்குழாயைச் சுத்தம் பண்ண ஆகற செலவையும் திரும்பக் கட்ட ஆன செலவையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாருங்க. கட்டடப் பாதுகாப்புன்னா பெரிய ஆர்க்கிடெக்ட், பெரிய பிளான்னு நினைக்கறோம், என் அனுபவத்துல முக்கால்வாசி வேலை தண்ணி எங்க போகுதுன்னு பாக்கறதுதான்.

தண்ணின்னதும் ரோடு ஞாபகம் வருது. தமிழ்நாட்டுலயும் சரி பாண்டியிலயும் சரி ரோடு போடறப்போ பழைசைச் சுரண்டாம மேல மேல தாரைக் கொட்டிட்டே போறாங்க. முழங்கால் உயரத்துக்கு இருந்த திண்ணை இன்னைக்குக் கணுக்கால் உயரத்துக்கு வந்துடுச்சு, மழை பெஞ்சா தெருத்தண்ணி நடைக்குள்ள. உக்காரவும் முடியாது, வீடும் நனையும், அடுத்து வீட்டுக்காரர் திண்ணையை உடைச்சுட்டு ஷட்டர் போட்டு வாடகைக்கு விட்டுடுவார். திண்ணைக் கலாச்சாரம் அழிஞ்சுதுக்கு டிவி காரணம், செல்போன் காரணம்னு பேசறாங்க, நான் பார்த்த பல தெருவுல தார்தான் காரணம். தாழ்வாரத்துக்கு இன்னும் மோசம், அது தெரு இடத்துல நிக்கறதால ரோடு அகலப்படுத்தணும், கால்வாய் போடணும்னு எது வந்தாலும் முதல் அடி அதுக்கு.

அப்புறம் விதிமுறை. இப்ப இருக்கற கட்டட விதிகளோட மனசுல இருக்கறது புறநகர் லேஅவுட். முன்னாடி இவ்வளவு அடி விடு, பக்கத்துல இவ்வளவு அடி விடு, கீழ கார் நிறுத்து. பொதுச் சுவரோட ஒட்டி ஒட்டி கட்டின தெருவுல ஒருத்தர் சட்டப்படி, நேர்மையா, அப்ரூவல் வாங்கி புதுசா கட்டினாக்கூட அந்த வரிசை உடைஞ்சிடும். முன்னாடி கேட்டு, கீழ தூண் நட்டு கார் பார்க்கிங், முதல் மாடியிலதான் ஆளுங்க. தெரு மட்டத்துல மனுஷ முகமே இல்ல. ராத்திரி அந்தத் தெருவுல நடந்து பாருங்க, பழைய வரிசைக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்னு பெண்கள்கிட்ட கேட்டா உடனே சொல்லுவாங்க. அதனால என்னோட முதல் கோரிக்கை எப்பவுமே இதுதான்: பழைய தெருவுல பார்க்கிங் கட்டாயத்தையும் முன்பக்க இடைவெளியையும் எடுத்துடுங்க, உயரத்துக்கு ஒரு வரம்பு வைங்க, உள்ள என்ன வேணா கட்டிக்கட்டும். காங்கிரீட்ல கட்டட்டுமே, எனக்கு ஆட்சேபணை இல்ல, தெருக்கோட்டுல நிக்கணும், திண்ணை ஒன்னு இருக்கணும், அவ்ளோதான். உயர வரம்பால வீட்டுக்காரருக்கு வர்ற இழப்பை ஈடுகட்ட வழி இருக்கு, மும்பையில 1995லயே பாரம்பரியக் கட்டட விதிகள் வந்து, அந்த இடத்துல கட்ட முடியாத பரப்பை வேற இடத்துல கட்டற உரிமையா வித்துக்கலாம்னு வச்சாங்க. அதுலயும் ஓட்டை இல்லாம இல்ல, ஆனா வீட்டுக்காரன்கிட்ட "உன் வீடு ஊரோட பெருமை, நீயே செலவு பண்ணு"ன்னு சொல்றதை விட அது நூறு மடங்கு மேல்.

டூரிசம் பத்தி சொல்லாம விட்டா நீங்களே கேட்பீங்க. வெள்ளை நகரத்துல கஃபே, பூட்டிக், ஹோம்ஸ்டே. சனி ஞாயிறு ஆனா சென்னை, பெங்களூர் வண்டி மொத்தமும் அங்கதான், கல்யாண போட்டோ ஷூட்டுக்கு வரிசை கட்டி நிக்கறாங்க, குடியிருக்கறவங்க வாசல்ல போட்டோ எடுக்காதீங்கன்னு போர்டு வைக்கற நிலைமை. பணம் வருது, கட்டடம் பெயின்ட்டோட நிக்குது, அது உண்மை. ஆனா ஒரு தெருவுல பத்து வீட்ல எட்டு தங்கும் விடுதின்னா அந்தத் தெருவுக்கு மாவு மில்லு எதுக்கு, தையல்காரர் எதுக்கு, இஸ்திரி வண்டி எதுக்கு? வாடகை ஏறுது, அவங்க கிளம்பிடறாங்க. மிச்சம் இருக்கற ரெண்டு வீட்டுக்காரங்களும் ஒரு நாள் கிளம்புவாங்க. இதுக்கு ஒரு தெருவுல இத்தனை சதவீதத்துக்கு மேல விடுதிக்கு லைசென்ஸ் இல்லன்னு வைக்கறதைத் தவிர வேற வழி எனக்குத் தெரியல. இன்னொரு வேடிக்கை, இப்ப தமிழ்ப் பகுதியில புதுசா வர்ற ஓட்டல்கூட மஞ்ச பெயின்ட், வெள்ளை பார்டர், பொய் வளைவுன்னு கட்டுது. அங்க நிஜமா இருந்த தாழ்வாரத்தை இடிச்சுட்டு இல்லாத பிரெஞ்சை ஒட்டறாங்க!

இதுவரை வீடு வீடுன்னே பேசிட்டேன், ஊரோட தன்மையில பாதி வீட்டுக்கு வெளியே. எந்தக் கட்டட லிஸ்ட்லயும் வராத ஒன்னு சொல்றேன். 2022 நவம்பர் 30, மணக்குள விநாயகர் கோயில் யானை லட்சுமி காலையில நடந்து போறப்போ விழுந்து செத்துப் போச்சு. ஊரே தெருவுக்கு வந்துடுச்சு. அத்தனை வருஷம் கோயில் வாசல்ல நின்னு தலையில துதிக்கையை வச்சு ஆசீர்வாதம் பண்ணின யானை, பாண்டியில வளர்ந்த எந்தப் பிள்ளைக்கும் அதுகூட ஒரு போட்டோவாவது இருக்கும். கோயில் யானை வேணுமா வேண்டாமாங்கறது தனி வாதம், எனக்கும் அதுல சங்கடம் உண்டு, ஆனா அன்னைக்கு அழுத கூட்டத்துல எல்லா மதமும் எல்லாத் தெருவும் இருந்துச்சு. வெள்ளை நகரத்துக்கு நடுவுல ஒரு தமிழ்க் கோயில் பிரெஞ்சுக்காரனையும் தாண்டி நின்னுதுன்னா, அங்க தினம் வந்த ஆளுங்களாலதான்.

அதே மாதிரி மில்லு. பாண்டியை பிரெஞ்சு ஊர்னு விக்கறவங்க இது ஒரு தொழிலாளி ஊருங்கறதை மறைச்சிடறாங்க. 1936 ஜூலை 30ல சவானா மில் தொழிலாளிகள் மேல பிரெஞ்சுப் போலீஸ் சுட்டு 12 பேர் செத்தாங்க, கம்யூனிஸ்ட் தலைவர் வ. சுப்பையா தலைமையில நடந்த போராட்டம், அதுக்கு அப்புறம்தான் எட்டு மணி நேர வேலை வந்துச்சு. இப்பவும் வருஷா வருஷம் அந்த நாளை அனுசரிக்கறாங்க. ஏ.எஃப்.டி.ங்கற ஆங்கிலோ பிரெஞ்ச் டெக்ஸ்டைல்ஸ் மில்லு 2020ல மூடியாச்சு. சங்கு ஊதினா மணி பார்த்துச் சமையல் பண்ணின முதலியார்பேட்டை வீடுகளோட பழக்கம், ஷிப்ட் முடிஞ்சு வர்ற கூட்டத்துக்குன்னே நடந்த டீக்கடைகள், இதெல்லாம் எந்த ஹெரிடேஜ் வாக்லயும் வராது. அந்த மில்லு வளாகத்துல ஒரு பகுதியாவது தொழிலாளர் வரலாற்றுக்கு ஒதுக்கணும்னு நான் ஆசைப்படறேன், மொத்தமும் இன்னொரு ஷாப்பிங் மாலா ஆகிடக் கூடாது. பாரதி 1908லேர்ந்து 1918 வரை பாண்டியில இருந்தார், ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருவுல அவர் இருந்த வீட்டை மியூசியமா வச்சிருக்கோம், பாரதிதாசன் வீட்டையும் பெருமாள் கோயில் தெருவுல வச்சிருக்கோம், நல்லது. எழுத்தாளன் வீட்டுக்குக் குடுத்த மரியாதையில கொஞ்சம் தறி ஓட்டினவனுக்கும் குடுத்தா என்ன.

செலவே இல்லாம செஞ்ச ஒரு நல்ல காரியத்தையும் சொல்லிடறேன், கடற்கரைச் சாலையில சாயங்காலம் ஆறு மணியிலேர்ந்து மறுநாள் காலை ஏழரை வரை வண்டி விடறதில்ல. அவ்ளோதான், ஒரு தடுப்புக்கட்டை. ஊர்க்காரங்க நடக்கறாங்க, ரிட்டயர்டு ஆன சொல்தாக்கள், அதாவது பிரெஞ்சு ராணுவத்துல இருந்தவங்க, பெஞ்சுல உக்காந்து பிரெஞ்சுப் பென்ஷன் பத்திப் பேசறாங்க, பிள்ளைங்க சுண்டல் கேட்டு அழறாங்க. ஒரு பழக்கம் வளர இடமும் நேரமும் விட்டுக் குடுத்தா போதும்னு அங்க போனா தெரியும்.

இப்ப ஊர்ல ஓடற பெரிய வாதம் பெரிய மார்க்கெட்டு, குபேர் அங்காடின்னு சொல்றது. ஸ்மார்ட் சிட்டி திட்டத்துல இடிச்சுப் புதுசா கட்டறதா வந்துச்சு, வியாபாரிகள் எதிர்த்தாங்க. எதிர்க்கறதுக்கு ஏக்கம் காரணம் இல்ல. மீன்காரம்மா இடம் மாறிப் போனா தினம் வாங்கறவங்க வேற ஆளைப் பழகிடுவாங்க, திரும்பி வர்றப்போ கடை இருக்கும், யாவாரம் இருக்காது. மார்க்கெட்டு நாறுது, மழையில சேறு, கழிப்பறை இல்ல, அதெல்லாம் உண்மை, சரி பண்ணியே ஆகணும். பகுதி பகுதியா பண்ணுங்க, பூக்கடை வரிசையை முடிச்சுட்டு மீன் வரிசைக்குப் போங்க, யாரும் வெளியே போக வேண்டாம். மெதுவா ஆகும், கான்ட்ராக்டருக்குப் பிடிக்காது.

கடைசியா உங்க தாத்தா வீடு. பாண்டி மாதிரி பண்ணணுமான்னு கேட்டீங்க, முதல்ல வாரிசு எல்லாரையும் ஒரு வாட்ஸ்அப் குரூப்ல போட்டு, யாருக்கு எவ்வளவு பாகம்னு எழுத்துல முடிங்க, விக்கறவங்க பாகத்தை வச்சுக்க ஆசைப்படறவங்க கொஞ்சம் கொஞ்சமா வாங்கிக்கற மாதிரி. அது நடக்கற வரைக்கும் மாடியில இருக்கற இலை தழையைக் கூட்டி, தண்ணிப் போக்கு அடைக்காமப் பாத்துக்கங்க, சுவர்ல முளைச்ச அரசங்கன்னை வேரோட எடுக்கச் சொல்லுங்க. சுவர் பொரிஞ்சிருக்குன்னு சிமென்ட் பூசிடாதீங்க, சுண்ணாம்புச் சுவருக்குள்ள ஈரம் மாட்டிக்கிட்டு வெளியே வர வழியில்லாம உள்ளுக்குள்ளயே செங்கல்லை அரிச்சிடும், கடலோர ஊருன்னா உப்பு வேற. சுண்ணாம்பு அரைச்சுப் பூசத் தெரிஞ்ச கொத்தனார் இன்னும் காரைக்குடி பக்கமும் பாண்டி பக்கமும் இருக்காங்க, கூலி கூடத்தான், தேடிப் பிடிங்க. மேல தேக்கு உத்தரம் போட்டு செங்கல்லைக் குத்துக்கல்லா சாய்ச்சு அடுக்கின மெட்ராஸ் டெரஸ்னா, சுவருக்குள்ள போற உத்தர முனைதான் முதல்ல உளுத்துப் போகும், ஒரு ஆணியை வச்சுக் குத்திப் பாருங்க, சுலபமா உள்ள இறங்கினா அந்த ஒரு உத்தரத்தை மாத்தினா போதும், மொத்தக் கூரையையும் பிரிச்சு காங்கிரீட் போடச் சொல்றவர் பேச்சைக் கேக்காதீங்க. அப்புறம் எதிர் வீட்டுக்காரரையும் பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிட்டு, அடுத்த தடவை ரோடு போடறப்போ பழைய தாரைச் சுரண்டிட்டுப் போடணும்னு சேர்ந்து ஒரு மனு எழுதி நகராட்சியில குடுங்க, போன் போட்டு நச்சரிச்சுட்டே இருங்க. வீட்டோட போட்டோ, எந்த ஊரு, மாடி எப்படி இருக்குன்னு போடுங்க, உத்தரம் பத்தி என்னால முடிஞ்சதைச் சொல்றேன்.